பாரவண்டியும் வில்வண்டியும்

மாட்டுவண்டிக் காலத்தில் நம் ஊர்களில் வண்டிகள் இரண்டு வகையாக இருந்தன. நெல் மூட்டையும் எருவும் செங்கல்லும் ஏற்றப் பாரவண்டி. ஆட்கள் ஏறிப் போக வில்வண்டி. பாரவண்டியில் பாரம் அச்சின் மேலேயே நேராக உட்காரும். வில்வண்டியில் அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே எஃகுப் பட்டைகளை அடுக்கி வளைத்த வில் இருக்கும். பள்ளத்தின் அடி முதுகெலும்புக்கு வருமுன் வில் அதை வாங்கிக்கொள்ளும். சுமைக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்று என்று பிரித்து வைத்திருந்தார்கள். இன்றைய நான்கு சக்கர இயக்கப் பிக்கப்புகள் இந்த இரண்டு வேலையையும் ஒரே வண்டியின் தலையில் கட்டுகின்றன. டொயோட்டா ஹைலக்ஸ், ஃபோர்டு ரேஞ்சர், சென்னைக்கு வடக்கே ஆந்திர எல்லையைத் தாண்டியதும் வரும் ஸ்ரீசிட்டியில் தயாராகும் இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் எல்லாம் இந்த இனம்தான். முன்னால் குடும்பம் உட்காரும் அறை, பின்னால் சரக்குத் தொட்டி. வார நாட்களில் அலுவலகம், விடுமுறையில் மலைப்பாதை, தேவைப்பட்டால் சிமென்ட் மூட்டை. வாங்கிய சில வாரங்களில் வீட்டிலிருந்து வரும் முதல் புகார் அநேகமாக ஒன்றேதான்: பின் சீட்டில் உட்கார்ந்தால் தூக்கிப் போடுகிறது.

இதற்குப் பரிகாரமாக ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் கழற்றி வேறு மாட்டுவது ஆஸ்திரேலியாவில் ஒரு பெரிய தொழில். 1975-இல் மெல்போர்னில் தொடங்கிய ஏஆர்பி போன்ற நிறுவனங்கள் இத்தகைய பாகங்களை உலகெங்கும் விற்கின்றன. இந்தியாவிலும் அந்தப் பழக்கம் பரவுகிறது. ஆனால் பெரும்பாலானவர்கள் கடைக்குள் நுழையும்போதே தவறான கேள்வியோடு நுழைகிறார்கள். ‘எந்த கம்பெனி கிட் சாஃப்ட்டாக இருக்கும்?’ என்று கேட்கிறார்கள். மென்மை எந்தப் பாகத்துக்குள்ளும் அடைத்து வைக்கப்பட்டிருப்பதில்லை. ஒரு ஸ்பிரிங் மென்மையாக இருப்பதும் முரட்டுத்தனமாக இருப்பதும் அதன்மேல் எத்தனை கிலோ உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே பிக்கப்பை மென்மையாக்கும் வேலை உதிரிபாகக் கடைக்கு முன்பே, எடைமேடையில் தொடங்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். எடை தெரியாமல் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் குருட்டாம்போக்கில் போடும் ரூபாய்.

காலி வண்டி ஏன் குதிக்கிறது

இதைப் புரிந்துகொள்ளச் சின்னக் கணக்கு ஒன்று போதும். ஸ்பிரிங் மேல் நிற்கும் எந்த எடைக்கும் தனக்கென ஒரு ஆட்ட வேகம் உண்டு. வண்டியின் உடம்பு வினாடிக்கு ஒரு முறை முதல் ஒன்றரை முறை வரை மேலும் கீழும் ஆடினால் நமக்கு அது சுகமான ஆட்டம். நல்ல கார்களை இந்த அளவில்தான் வடிவமைக்கிறார்கள். இரண்டு முறைக்கு மேல் போனால் உதறல். இந்த வேகத்தை முடிவு செய்வது, நின்ற நிலையில் எடையால் ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதே. வினாடிக்கு ஒரு முறை ஆட வேண்டுமானால் ஸ்பிரிங் சுமார் 25 சென்டிமீட்டர் அமுங்கியிருக்க வேண்டும். 6 சென்டிமீட்டர்தான் அமுங்கியிருக்கிறது என்றால் ஆட்டம் வினாடிக்கு இரண்டு முறையாகிவிடும். அதாவது ஸ்பிரிங் மேல் போதிய எடை உட்காராதபோது அது விறைத்து நிற்கிறது. விறைத்த ஸ்பிரிங் குலுக்குகிறது.

இப்போது ஒரு பிக்கப்பின் பின்பக்கத்தை எடுத்துக்கொள்வோம். காலியாக இருக்கும்போது பின் ஸ்பிரிங்குகள் 500 கிலோ தாங்குகின்றன, தொட்டியில் ஒரு டன் ஏற்றினால் 1,500 கிலோ தாங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். முழுச் சுமையில் வண்டி வினாடிக்கு 1.2 முறை என்ற நிதானத்தில் ஆடும்படி ஸ்பிரிங்கை அமைத்தால், அப்போது அது 17 சென்டிமீட்டர் அமுங்கியிருக்கும். அதே ஸ்பிரிங் காலி வண்டியில் 6 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகவே அமுங்கும். ஆட்டம் வினாடிக்கு 2.1 முறையாக ஏறும். உதறல் அங்கிருந்து வருகிறது. சரி, காலி வண்டியே 1.2 முறை ஆடட்டும் என்று ஸ்பிரிங்கின் விறைப்பை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தால் என்ன? காலியாக நிற்கும்போதே 17 சென்டிமீட்டர் அமுங்கும். அதற்குமேல் ஒரு டன் ஏற்றினால் வண்டியின் பின்பக்கம் இன்னும் 35 சென்டிமீட்டர் கீழே போக வேண்டும். அச்சுக்கும் வண்டியின் அடிச்சட்டத்துக்கும் நடுவே அவ்வளவு இடம் எந்தப் பிக்கப்பிலும் கிடையாது. சுமை ஏற்றி முடிவதற்குள் அச்சு ரப்பர்க் கட்டையில் போய் முட்டி நின்றுவிடும். ஒரு டன்னையும் பஞ்சு மெத்தையையும் சாதாரண எஃகு ஸ்பிரிங் ஒன்று சேர்த்துத் தர முடியாது என்பதை இந்த 35 சென்டிமீட்டரே சொல்லிவிடுகிறது.

தயாரிப்பாளர்களே இதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், தங்கள் வண்டிகளின் வடிவத்தின் மூலம். ஹைலக்ஸின் அடித்தளத்தில் பிறந்ததுதான் ஃபார்ச்சூனர். டி-மேக்ஸின் அடித்தளத்தில் பிறந்தது எம்யூ-எக்ஸ். பிக்கப்பாக இருக்கும்போது பின்னால் லீஃப் ஸ்பிரிங், அதாவது வில்வண்டியில் இருந்ததைப் போன்ற அடுக்கு வில். ஆட்கள் உட்காரும் எஸ்யூவியாக மாறியதும் அதே நிறுவனம் அங்கே சுருள் ஸ்பிரிங் வைக்கிறது. 2018-இல் வெளிவந்த ஃபோர்டு ரேஞ்சர் ராப்டரில் பின் லீஃப் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுச் சுருள் ஸ்பிரிங்கும் ஃபாக்ஸ் நிறுவனத்தின் தடித்த ஷாக்கும் வைத்தார்கள். கரடுமுரடான தடத்தில் வேகமாகப் போகையில் அதன் சொகுசுக்கு ஈடு குறைவு. ஆனால் சாதாரண ரேஞ்சர் 3,500 கிலோ இழுக்கும் சந்தைகளில் ராப்டருக்கு அனுமதித்த இழுவை 2,500 கிலோதான். தொட்டியில் ஏற்றும் எடையும் கணிசமாகக் குறைந்தது. மென்மைக்கு அவர்கள் கொடுத்த விலை அது. எதிர்ப்பக்கத்துப் பாடத்தை நிசான் நவாரா கற்றது. 2015-இல் ஆஸ்திரேலியாவுக்கு வந்த நவாராவில் பின்னால் சுருள் ஸ்பிரிங் வைத்திருந்தார்கள். காலியாக ஓட்டச் சுகம், பாரம் ஏற்றினாலோ கேரவன் இழுத்தாலோ பின்பக்கம் தொய்கிறது என்று விமர்சனம் எழுந்தது. 2017-இல் ஒரு முறையும் 2018-இல் மறு முறையும் சஸ்பென்ஷனைத் திருத்தினார்கள். கடைசியில் வந்தது, முதலில் இளகியும் பாரம் ஏறியபின் விறைத்தும் வேலை செய்யும் இரட்டை விறைப்பு ஸ்பிரிங். பெரிய ஆய்வுக்கூடமும் சோதனைத் தடமும் வைத்திருக்கும் நிறுவனமே மூன்று முறை முயன்று எட்டிய சமநிலையை, எடையே பார்க்காமல் ஒரு மதியப் பொழுதில் எட்டிவிடலாம் என்று நினைப்பது பேராசை.

வில்லுக்குள் இருக்கும் உராய்வு

எடைக்கு அடுத்தபடி கவனிக்க வேண்டியது உராய்வு. பிக்கப்பின் பின் சக்கரத்துக்கு உள்பக்கம் குனிந்து பார்த்தால், நீளமான எஃகுத் தகடுகள் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி நடுவில் ஒரு போல்ட்டால் இறுக்கப்பட்டிருப்பது தெரியும். மேலே இருக்கும் நீளமான மெயின் பிளேட்டின் இரு முனைகளும் வளையமாகச் சுருண்டிருக்கும். அந்த வளையங்களுக்குள் ரப்பர் புஷ். முன் வளையம் சட்டத்தோடு நேராகப் பிணைந்திருக்கும். பின் வளையம் ஷாக்கிள் என்ற ஊசல் துண்டில் தொங்கும். வில் நிமிரும்போது நீளம் கூடுமே, அதற்கு இடம் கொடுப்பது இந்த ஊசல்தான். அடுக்கின் அடியில் தடிமனான, அதிகம் வளையாத பிளேட் ஒன்று பல வண்டிகளில் உண்டு. காலி வண்டியில் மற்ற பிளேட்டுகளின் முனையை அது தொடாமல் சும்மா இருக்கும். பாரம் ஏறி வில் நிமிர்ந்ததும் அதுவும் தோள் கொடுக்கும். கொஞ்ச நாள் ஓடிய வண்டியில் பிளேட்டுகளுக்கு நடுவே செம்மண்ணும் துருவும் கலந்து ஒரு கோடு படிந்திருக்கும். குலுக்கலின் ஒரு பாதி அந்தத் துருக்கோட்டில் இருக்கிறது.

வில் வளைய வேண்டுமானால் பிளேட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க வேண்டும். பெரிய பள்ளத்தில் விழும்போது விசை அதிகம், அதனால் வழுக்குகின்றன. தார்ச்சாலையின் வெடிப்பு, பாலத்தின் இணைப்பு, ஒட்டுப்போட்ட இடம் ஆகியவற்றில் விசை குறைவு. உராய்வை அது வெல்வதில்லை. அந்தக் கணத்தில் லீஃப் ஸ்பிரிங் என்பது ஸ்பிரிங்கே அல்ல, வெறும் இரும்புக் கட்டை. மிச்சமிருக்கும் ஒரே ஸ்பிரிங் டயர்தான். டயரின் விறைப்பையும் காலி வண்டியின் பின்பக்க எடையையும் வைத்துக் கணக்குப் போட்டால், டயர் மேல் மட்டும் நிற்கும் வண்டி வினாடிக்கு நான்கு முறை போல ஆடும். உடம்புக்கு ஏறும் அதிர்வை அளக்கும் ஐஎஸ்ஓ 2631 தரநிலையின்படி, உட்கார்ந்திருக்கும் மனிதரை மேல்கீழ் அதிர்வு மிக அதிகமாக வருத்துவது ஏறத்தாழ நான்கு முதல் எட்டு முறை வரையிலான வேகத்தில்தான். பெரிய குழியில் சமாளித்துவிடும் பிக்கப், பார்வைக்கு வழவழப்பான நெடுஞ்சாலையில் நம்மைக் களைப்பாக்குவது இதனால்தான். பிளேட்டுகளின் எண்ணிக்கை குறைந்த, நடுவிலும் முனைகளிலும் மட்டும் ஒன்றையொன்று தொடும் பாரபோலிக் ஸ்பிரிங்கும், பிளேட்டுகளுக்கு நடுவே வழுக்குத் துண்டு வைத்த ஸ்பிரிங்கும் பயன் தருவதன் காரணமும் இதுவே. அவை பாரத்தைத் தாங்கும், உராய்வைக் குறைக்கும். சில வண்டிகளில் பழைய அடுக்கைப் பிரித்து, துரு நீக்கி, தேய்ந்த வழுக்குத் துண்டுகளையும் செத்துப்போன புஷ்களையும் மாற்றினாலே பாதிக் குறை தீரும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. செலவே இல்லாமல் மென்மையாக்கலாம் என்று அடுக்கிலிருந்து ஒரு பிளேட்டை உருவிவிடச் சொல்பவர்கள் உண்டு. லீஃப் ஸ்பிரிங் பாரம் தாங்குவதோடு நிற்பதில்லை. அச்சை அதன் இடத்தில் பிடித்து வைப்பதும் அதுதான். வேகமெடுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் அச்சு முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். அந்த முறுக்கை அடுக்கு முழுவதும் சேர்ந்து தடுக்கிறது. ஒரு பிளேட் குறைந்தால் மிச்சமுள்ள பிளேட்டுகளுக்கு அழுத்தம் கூடும். மெயின் பிளேட் உடைந்தால் அச்சு விலகிப் போகும். மென்மை வேண்டுவோர் குறைந்த சுமைக்கென்றே வடிவமைத்த முழு அடுக்கை வாங்க வேண்டும். இருப்பதை உடைத்துக் குறைப்பது சிக்கனமாகாது.

ஷாக் எதைச் செய்யும், எதைச் செய்யாது

‘ஸ்பிரிங்கைத் தொடவேண்டாம், நல்ல ஷாக் போட்டால் போதும்’ என்பது அடுத்து வரும் மறுப்பு. இதில் பாதி உண்மை இருக்கிறது. வண்டியின் எடையை ஷாக் தாங்குவதில்லை. ஆடத் தொடங்கிய ஸ்பிரிங்கை அடக்குவதே அதன் வேலை. குழாய்க்குள் எண்ணெய், எண்ணெய்க்குள் பிஸ்டன், பிஸ்டனின் துளைகளை மூடியபடி மெல்லிய எஃகு வட்டுகள் அடுக்காக இருக்கும். மெதுவாக அமுங்கினால் எண்ணெய் சிறுதுளை வழியே கசிந்து போகும். திடீரென அடி விழுந்தால் அந்த வட்டுகளை வளைத்துக்கொண்டு பாயும். வட்டு எப்போது வளைய வேண்டும், எவ்வளவு வளைய வேண்டும் என்பதில்தான் ஒரு ஷாக்கின் குணம் முழுவதும் அடங்கியிருக்கிறது. மலிவான ஷாக் கூரிய அடியில் எண்ணெயை வழிவிடாமல் நெரிக்கும். அடி நேராகச் சட்டத்துக்கு ஏறும். நன்கு அமைந்த ஷாக் வளைவில் சாய்வை அடக்கும், கூரிய அடியில் இளகிக்கொடுக்கும். ஆகவே ஷாக் மாற்றிய பின் ‘அடியின் கூர்மை மழுங்கியது’ என்று உணர்வது நியாயமே.

மண்சாலையில் ஷாக்குக்கு வரும் சோதனை இன்னும் கடுமை. வண்டிகள் தொடர்ந்து ஓடும் மண்சாலைகளில் அலை அலையாக வரி விழும். 2007-இல் டாபர்லெட், மோரிஸ், மக்எல்வெய்ன் ஆகிய இயற்பியலாளர்கள் சுழலும் மணல் தட்டின்மேல் ஒரு சக்கரத்தை உருட்டிப் பார்த்து, குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் ஸ்பிரிங்கே இல்லாத சக்கரம்கூட இந்த வரிகளை உண்டாக்கும் என்று காட்டினார்கள். அதாவது இந்த வரிகளுக்குத் தப்பிய மண்சாலை அரிது. 80 சென்டிமீட்டர் இடைவெளி உள்ள வரிகளில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் சக்கரம் வினாடிக்கு இருபது முறை அடி வாங்குகிறது. அந்த உழைப்பெல்லாம் ஷாக் எண்ணெயில் சூடாக மாறும். சூடேறிய எண்ணெய் நீர்த்துப் போகும், நுரைக்கும், ஷாக் கைவிட்டுவிடும். 1950-களில் பிரான்சின் டி கார்பன் ஒற்றைக் குழாய் ஷாக்கில் அழுத்தமான வாயுவைத் தனி அறையில் அடைத்து எண்ணெய் நுரைப்பதைத் தடுத்தார். இன்று பில்ஸ்டைன், ஃபாக்ஸ் முதலிய பெயர்களில் விற்கும் பல ஷாக்குகளின் மூலம் அதுதான். மண்சாலையில் தினம் ஓடும் வண்டிக்கு இந்தச் செலவு தகும். நகரத்துக்குள் ஓடும் வண்டிக்குத் தடித்த ஷாக் பெரும்பாலும் அழகுப் பொருள்.

மறுபாதி உண்மை இதுதான்: தப்பான ஸ்பிரிங்கை எந்த ஷாக்கும் திருத்தாது. வினாடிக்கு 2.1 முறை ஆடும் ஸ்பிரிங் ஷாக் மாறினாலும் அந்த வேகத்தை விடாது. ஆட்டம் சீக்கிரம் அடங்கும், அவ்வளவே. இரண்டும் ஒன்றுக்கொன்று ஜோடியாக அமையாவிட்டால் கேடு கூடும். இளகிய ஸ்பிரிங்கோடு ‘ஹெவி டியூட்டி’ ஷாக்கைப் பூட்டினால், ஒரு வரியில் அமுங்கிய ஸ்பிரிங் நிமிர்வதற்குள் அடுத்த வரி வந்துவிடும். வண்டி வரிக்கு வரி கீழே இறங்கி, கடைசியில் ரப்பர்க் கட்டையின் மேலேயே ஓடும். ஓட்டுபவருக்கு ‘புது ஷாக் போட்டும் கல் மாதிரி இருக்கிறது’ என்று தோன்றும்.

முன்னும் பின்னும் கூட ஜோடிதான். ரோல்ஸ்-ராய்ஸிலிருந்து ஜெனரல் மோட்டார்ஸுக்குப் போன பொறியாளர் மாரிஸ் ஓலி, 1930-களின் தொடக்கத்தில் எடைகளை இடம் மாற்றி வைக்கக்கூடிய ஒரு சோதனைக் காரை ஓட்டிப் பார்த்து ஒரு விதியைக் கண்டார்: பின்பக்கம் முன்பக்கத்தைவிடச் சற்றே வேகமாக ஆட வேண்டும். மேட்டை முதலில் தொடுவது முன் சக்கரம். சற்றுத் தாமதமாக ஆடத் தொடங்கும் பின்பக்கம் அதை எட்டிப் பிடித்துவிட்டால், வண்டி தலையாட்டாமல் சமமாக எழுந்து அடங்கும். காலிப் பிக்கப்பில் பின்பக்கம் சற்றே அல்ல, மிகவும் வேகமாக ஆடுகிறது. அதனால்தான் பின்னாலிருந்து உதைப்பது போன்ற உணர்வு. முன் ஸ்பிரிங்கை மட்டும் இளக்கினால் இந்த இடைவெளி இன்னும் கூடும். முன்பக்கம் தொட்டிலாடும், பின்பக்கம் உதைக்கும்.

எடைமேடைச் சீட்டு

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் வேலையின் வரிசை தானாகத் தெரிகிறது. முதலில் டயர். ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் பல வண்டிகளுக்குக் காலிக்கு ஒரு காற்றழுத்தமும் பாரத்துக்கு ஒன்றும் போட்டிருக்கும். பாரத்துக்கான அழுத்தத்தோடு காலி வண்டியை ஓட்டுவது நம் பெட்ரோல் பங்குகளில் சாதாரணமாக நடப்பது. அதைச் சரிசெய்யச் செலவே இல்லை. தடித்த பக்கச்சுவர் கொண்ட லாரி ரக டயரைத் தோற்றத்துக்காக மாட்டியிருந்தால், அதன் எடையும் விறைப்பும் சேர்ந்து புது சஸ்பென்ஷன் தரப்போகும் பலனில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

அடுத்து எடைமேடை. நம் நெடுஞ்சாலைகளில் ஊருக்கு ஒன்றாவது இருக்கிறது. லாரிக்காரர்களுக்கு மட்டும் உரியதென்று நினைத்து நாம் கடந்து போகிறோம். டேங்க் நிறைய எண்ணெய், வழக்கமாக ஏறும் ஆட்கள், வழக்கமாகக் கிடக்கும் சாமான்கள் ஆகியவற்றோடு வண்டியை மேடையில் ஏற்றி மொத்த எடை எடுக்க வேண்டும். பிறகு முன் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படி நகர்த்தி இன்னொரு சீட்டு. இரண்டின் வித்தியாசம் பின் அச்சின் எடை. வருடத்துக்கு இரண்டு முறை போகும் நெடும்பயணத்துக்கான சுமையோடும் ஒரு முறை இதையே செய்தால், கையில் இரண்டு நிலைமைகளின் கணக்கு இருக்கும். தொட்டியில் நிரந்தரமாக ஒரு மூடியும் இழுப்பறைகளும் தண்ணீர்த் தொட்டியும் சேர்ந்து 300 கிலோ உட்கார்ந்திருக்கிறது என்று சீட்டு சொன்னால், அந்த வண்டிக்கு இருக்கிற ஸ்பிரிங்கே பொருத்தமாக இருக்கலாம். ஷாக்கும் புஷ்ஷும் மாற்றினால் போதும். பெரும்பாலும் காலி என்றால் லேசான சுமைக்கான அடுக்கு வேண்டும். ஆஸ்திரேலியத் தயாரிப்பாளர்கள் ஒரே வண்டிக்குப் பின் ஸ்பிரிங்கைக் காலிக்கு ஒன்று, நிரந்தரமாக 300 கிலோவுக்கு ஒன்று, 500 கிலோவுக்கு ஒன்று என்று பிரித்து விற்பது இதற்காகவே. முன்பக்கத்துக்கும் அப்படித்தான். இரும்பு முன்தடுப்பும் வின்ச்சும் தாங்குவதற்கான சுருள் ஸ்பிரிங்கை, அவை இல்லாத வண்டியில் மாட்டினால் முன்பக்கமும் பின்பக்கத்தைப் போலவே கெட்டுப்போகும்.

சந்தையில் மென்மை என்ற பெயரில் விற்கும் வேறு சிலவற்றையும் இந்த அளவுகோலால் எடை போடலாம். வண்டியை உயர்த்துவது மென்மையாக்குவதாகாது. முன் ஸ்பிரிங்கின் மேல் ஸ்பேசர் வைத்தால் உயரம் மட்டும் கூடுகிறது. ஸ்பிரிங்கின் விறைப்பு மாறுவதில்லை. சக்கரம் கீழே தொங்கி இறங்குவதற்கான தூரம் குறைவதால், பள்ளத்தில் இறங்கும்போது ‘டொக்’ என்று மேல்முட்டு வரும். கூடுதலாக ஒரு பிளேட்டைச் செருகி உயர்த்தினால் விறைப்பு இன்னும் ஏறும். எப்போதாவது மட்டும் பாரம் ஏற்றுபவர்கள் இளகிய அடுக்கோடு காற்றுப் பையைச் சேர்த்து, தேவைப்படும்போது காற்றடித்துக்கொள்வது நல்ல யோசனைபோலத் தெரியும். அளவோடு செய்தால் நல்லதும்கூட. ஆனால் லீஃப் ஸ்பிரிங் தன் பாரத்தைச் சட்டத்தின் இரண்டு இடங்களில் பகிர்ந்து இறக்குகிறது. காற்றுப் பை அதை நடுவில் ஒரே புள்ளியில் குத்தி ஏற்றும். பின்னால் கனத்த கேரவனை இழுத்துக்கொண்டு மேடுபள்ளத்தில் போன பிக்கப்புகளில் அந்த இடத்தில் சட்டமே வளைந்திருக்கிறது. தயாரிப்பாளர் குறித்த மொத்த எடை வரம்பை எந்தப் பையும் உயர்த்துவதில்லை.

மாட்டும் கையிலும் மென்மை இருக்கிறது. ரப்பர் புஷ்ஷின் உள்குழாயும் வெளிக்குழாயும் ரப்பரோடு ஒட்டியவை. அது சுழல்வதில்லை, முறுக்கிக் கொடுக்கிறது. வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டி தரையில் நின்றதும் புஷ் முறுக்கிய நிலையிலேயே சிக்கிக்கொள்ளும். அது கூடுதல் ஸ்பிரிங்காக எதிர்த்து நின்று, சில மாதங்களில் கிழிந்தும் போகும். வண்டியைச் சக்கரத்தில் நிறுத்தி, தன் எடையில் உட்காரவிட்டுத்தான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். பழைய யு-போல்ட்டை மறுபடி பயன்படுத்தக் கூடாது. ஒரு முறை இழுபட்ட இழை மறுமுறை அதே பிடியைத் தராது. பின்பக்க உயரம் மாறினால் பிரேக் குழாயின் நீளத்தையும், பாரத்துக்கேற்பப் பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு இருந்தால் அதன் அளவையும் பார்க்க வேண்டும். சக்கர அலைன்மென்ட்டும் முகப்பு விளக்கின் நோக்கும் கடைசி வேலைகள்.

‘விறைத்த ஸ்பிரிங்தான் பலம், இளகியது பலவீனம்’ என்று ஒரு மறுப்பு எப்போதும் உண்டு. பாரம் ஏற்றிப் பிழைப்பவருக்கு அது முழுக்கச் சரி. தினமும் தக்காளிக் கூடையோ கம்பிக் கட்டோ ஏற்றும் வண்டியின் ஸ்பிரிங்கில் கைவைக்கவே கூடாது. அந்தக் குலுக்கல் அவருடைய வருமானத்தின் காவல். ஆனால் மற்றவர்களுக்குப் பலத்துக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கிறது. கரடான தடத்தில் சக்கரம் தரையை விடாமல் பற்றியிருந்தால்தான் பிடியும் பிரேக்கும் திருப்பமும் உண்டு. விறைத்த பின்பக்கம் துள்ளி எழும் கணத்தில் அந்த மூன்றும் இல்லை. அளவோடு இளகிய ஸ்பிரிங் சக்கரத்தைத் தரையோடு வைத்திருக்கிறது. அளவு மீறினால் வளைவில் வண்டி சாயும், தொட்டில்போல் ஆடிக் குமட்டலும் வரும். ‘அப்படியானால் எஸ்யூவியே வாங்கியிருக்கலாமே’ என்ற கேள்விக்கும் எடைச் சீட்டுதான் பதில் சொல்லும். வருடம் முழுக்கத் தொட்டி காலியாகவே இருக்கிறது என்று அது சொன்னால், ஆம், ஃபார்ச்சூனர்தான் உங்கள் வண்டி. இடைப்பட்ட சுமைக்காரர்களுக்கு மட்டுமே இந்த மாற்றம் முழுப் பலன் தரும்.

சட்டத்தின் மறுப்பும் கனமானது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இரும்பு முன்தடுப்புகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. ஆகவே உயரத்தைக் கூட்டும் கிட்டுகளைத் தவிர்த்து, தேய்ந்த பாகத்துக்கு ஈடாக அதே உயரத்தில் பொருத்தமான விறைப்புள்ள பாகத்தைத் தேடுவதே நம் நாட்டில் விவேகம். போல்ட்டைக் கழற்றுவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டுக்கொள்ளவும் வேண்டும். மென்மை தேடிப் போய், விபத்து நாளில் காப்பீடு கிடைக்காமல் நிற்கும் குடும்பத்துக்கு அந்த மென்மையால் என்ன பயன்?

பாரவண்டிக்கும் வில்வண்டிக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதை வண்டியைத் தயாரித்தவர் நமக்காக முடிவு செய்ய முடியாது; நம் தொட்டியில் என்ன கிடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும், அல்லது எடைமேடைக் கட்டணம் கட்டினால் தெரிந்துவிடும். அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ‘சாஃப்ட்டாக ஒரு கிட் இருக்கிறதா?’ என்று கேட்காதீர்கள். ‘பின் அச்சில் வழக்கமாக இத்தனை கிலோ, பயணத்தில் இத்தனை கிலோ, இந்த இரண்டுக்கும் பொருந்தும் ஸ்பிரிங் எது, அதற்கு ஜோடியான ஷாக் எது?’ என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு எண்ணால் பதில் சொல்லத் தெரிந்த கடைக்காரரிடம் பணத்தைக் கொடுங்கள்.